ஓமோன்கள்: இயற்கை, செயற்கை என்னும் மயக்கம்

"இயற்கையானது நல்லது; செயற்கையானது தீயது" என்பர் ஒரு சாரார். "ஓமோன் எதுவாயினும் ஓமோனே, சூலகத்திற் சுரந்தாலும் ஆலையிற் செய்யப்பட்டாலும் வேறுபாடில்லை" என்பர் மற்றொரு சாரார். முதற் கூற்றை வணிகம் பரப்புகின்றது. இரண்டாவது கூற்றை அவசரம் பரப்புகின்றது. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரு கூற்றுக்களும் ஒரே பிழையின் இரு முகங்களாகும். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்பவரும், அஃது எந்தக் குடும்பப் பெயரைத் தாங்குகின்றது என்று மட்டும் கேட்பவரும், கேட்கவேண்டிய கேள்வியைக் கேளாது விடுகின்றனர். இந்த மூலக்கூறு, இந்த வழியாக, இந்த அளவில் உடலினுட் புகுந்தால், எந்த இழையத்தில் எந்தப் பரம்பரையலகுகளை இயங்கச் செய்யும், எவற்றை அடக்கும்? இதுவே அக்கேள்வி. இதற்கு விடை கூறாத புகழ்ச்சியும் அறிவியலன்று, இகழ்ச்சியும் அறிவியலன்று.

இக்கேள்வி ஆய்வுகூடங்களுக்கு மட்டும் உரியதெனக் கருதுதல் தவறாகும். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு விளிம்பிலே, கடனீரேரியை நோக்கி அமைந்துள்ள கொழும்புத்துறையை எடுத்துக்கொள்ளலாம். அங்கு வாழும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஓமோன் மருந்து எத்தனை வாயில்களால் நுழையக்கூடும்? பிள்ளைப்பேற்றின் பின் குடும்பநல உத்தியோகத்தர் எடுத்துரைக்கும் மூன்று மாத ஊசி ஒன்று. கடையிற் கிடைக்கும் 'மித்துரி' குளிசை மற்றொன்று. மேற்கையின் தோலுக்கடியிற் பொருத்தப்படும் குச்சிகள் வேறொன்று. தைரொயிட்டுச் சுரப்பி சோர்வுற்றாற் காலைதோறும் விழுங்கும் தைரொட்சின் இன்னொன்று. மாதவிடாய் நின்றபின் உடற்கொதிப்பையும் உறக்கமின்மையையும் தணிக்கக் கொடுக்கப்படுவன பிறிதொரு வகை. இவையனைத்தும் பேச்சுவழக்கில் "ஓமோன் மருந்து" என்ற ஒரே பெயரைப் பெறுகின்றன. ஊசி ஊசியாகவும் குளிசை குளிசையாகவும் அறியப்படுகின்றனவேயன்றி, உள்ளிருக்கும் மூலக்கூற்றின் பெயர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. பெயர் தெரியாத பொருளைப் பற்றி அச்சமும் எழலாம், நம்பிக்கையும் எழலாம்; அறிவு எழுவதில்லை.

ஓமோன் கலத்தினுள் யாது செய்கின்றது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். ஓமோன்கள் பரம்பரையலகுகளையே இயக்குகின்றன என்பதற்குக் கண்ணாற் காணத்தக்க முதற் சான்று ஒரு சிறு பூச்சியிலிருந்து கிடைத்தது. 1960ஆம் ஆண்டில் கிளேவர், கால்சன் என்னும் ஆய்வாளர் இருவர், நுளம்பை ஒத்த சிரொனோமசு என்ற பூச்சியின் குடம்பிகளுக்குத் தோல் கழற்றும் ஓமோனாகிய எக்டைசோனை ஊசி மூலம் ஏற்றினர். சிறிது நேரத்துள் அக்குடம்பிகளின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களிலுள்ள பெரிய நிறமூர்த்தங்களிற் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் புடைத்தெழுந்தன. அவ்விடங்களிலிருந்த பரம்பரையலகுகள் தொழிற்படத் தொடங்கியதன் அடையாளமே அப்புடைப்பு. ஓமோன் என்பது உடலைப் பொதுவாக "ஊக்கும்" ஏதோவொரு சத்து என்ற பழைய எண்ணம் அத்துடன் வலுவிழந்தது. அது தேர்ந்தெடுத்த பரம்பரையலகுகளுக்குச் செல்லும் செய்தி என்பது புலனாயிற்று.

மனித உடலிலும் பெண்மை ஓமோன்களாகிய ஈஸ்திரடையோல், புரொஜெஸ்தரோன் முதலியன கலத்தினுட் புகுந்து, தமக்குரிய புரதங்களுடன் இணைகின்றன. இப்புரதங்கள் வாங்கிகள் எனப்படும். இதனைக் கரையோர மக்களுக்கு விளக்க உவமை தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. வாங்கி ஒரு துறை; ஓமோன் ஒரு வள்ளம். வள்ளம் துறையிற் கட்டப்பட்ட பின்னரே ஆட்கள் கூடுவர், சரக்கு இறங்கும், சந்தை தொடங்கும். ஒரே துறையில் வெவ்வேறு வடிவுடைய வள்ளங்கள் கட்டப்படலாம். ஆயின் வந்த வள்ளம் எத்தகையது என்பதைப் பொறுத்துக் கரையிற் கூடும் கூட்டம் மாறும். சில வள்ளங்கள் தமக்கு உரியதல்லாத துறைகளிலும் கட்டப்பட்டுவிடும். ஒரே வள்ளத்துக்கு ஒரு கரையில் ஆரவாரமும் மறுகரையில் அமைதியும் இருத்தல் கூடும். ஏனெனிற் கரைக்குக் கரை ஆட்கள் வேறு.

இவ்வுவமையின் ஒவ்வோர் உறுப்பும் ஆய்வினால் நிறுவப்பட்டதாகும். ஈஸ்திரடையோல் பற்றிய வாங்கியின் வடிவத்தையும், ரலொக்சிபீன் என்ற செயற்கைப் பொருள் பற்றிய அதே வாங்கியின் வடிவத்தையும் 1997ஆம் ஆண்டிற் பளிங்கு ஆய்வு மூலம் ஒப்பிட்டபோது, வாங்கியின் ஓரத்திலுள்ள சுருளொன்று முதலாவதில் ஓரிடத்திலும் இரண்டாவதில் வேறிடத்திலும் கிடந்தது. அச்சுருளின் இடமே, பரம்பரையலகைத் தூண்டும் துணைப் புரதங்கள் வந்து சேர முடியுமா என்பதைத் தீர்மானிக்கின்றது. தமொக்சிபென் என்ற மருந்தின் கதை இன்னும் தெளிவானது. அது மார்பக இழையத்தில் ஈஸ்திரோஜனின் வேலையைத் தடுக்கின்றது; ஆதலின் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாகின்றது. கருப்பையின் அகவணியிலோ அதுவே ஈஸ்திரோஜனைப் போன்று தூண்டுகின்றது. ஆதலின் அங்குப் புற்றுநோய் அபாயத்தைச் சற்று உயர்த்துகின்றது. பொருள் ஒன்று, வாங்கி ஒன்று, உடலும் ஒன்று; இழையம் மாறியதும் விளைவு தலைகீழாகின்றது. "இது நல்லதா, தீயதா?" என்று இழையத்தின் பெயரைக் கூறாது கேட்பது எத்துணைப் பொருளற்ற கேள்வி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, இயற்கை எனப் போற்றப்படுவது எது என்பதை நோக்குவோர் வியப்படைவர். மருந்துக் கடையில் "இயற்கைப் புரொஜெஸ்தரோன்" என்று விற்கப்படுவது எந்தப் பெண்ணின் சூலகத்திலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. 1940களில் ரசல் மாக்கர் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர் மெக்சிக்கோவிலுள்ள காட்டு வள்ளிக்கிழங்குகளிலிருந்து பெறப்பட்ட ஒரு பொருளைப் பல இரசாயன மாற்றங்களுக்கு உட்படுத்திப் புரொஜெஸ்தரோனைச் செய்யும் வழியைக் கண்டார். அவ்வழியிலும் அதையொத்த வழிகளிலும் ஆலையிற் செய்யப்படுவதே இன்றைய "இயற்கை" மருந்து. அதனை இயற்கை எனக் கூறுவதற்கு ஒரே நியாயம், அதன் மூலக்கூறு பெண்ணுடலிற் சுரப்பதனோடு அணுவுக்கு அணு ஒத்திருத்தலேயாகும். மறுபுறத்தில், 1942ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட 'பிறெமறின்' என்ற மருந்து, கருவுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து வடிக்கப்படுவது. பிறப்பால் அது முற்றிலும் இயற்கையானது. ஆயினும் அதிலுள்ள இக்குவிலின் முதலிய ஈஸ்திரோஜன்கள் எந்தப் பெண்ணுடலிலும் சுரப்பனவல்ல. ஆலையிற் பிறந்தது உடலுக்கு உறவாகவும், உயிரிற் பிறந்தது உடலுக்கு அந்நியமாகவும் இருக்கும் விந்தை இது. பிறப்பைக் கொண்டு தகுதியை அளக்கும் வழக்கம் மனிதரிடையே எவ்வளவு பொய்யானதோ, மூலக்கூறுகளிடையேயும் அவ்வளவு பொய்யானது.

மூலக்கூறு சிறிது மாறினால் என்ன நேரும் என்பதற்கு மூன்று மாத ஊசியே நல்ல பாடம். 'டெப்போ புரொவேரா' என்ற பெயரிற் பரவிய அவ்வூசியில் இருப்பது மெட்ரொக்சிபுரொஜெஸ்தரோன் அசிற்றேற்று. இது புரொஜெஸ்தரோனின் எலும்புக்கூட்டிற் சில அணுக்கூட்டங்களை ஒட்டவைத்துச் செய்யப்பட்டது. அந்த ஒட்டுக்களே அதற்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கின்றன. ஒரே ஊசி மூன்று மாதங்களுக்குச் சூல் வெளியேறாது தடுப்பதற்கு, ஊசியிலுள்ள நுண்துணிக்கைகள் தசையினுள் மெல்லக் கரைவதே முதன்மைக் காரணம். ஆயின் அந்த ஒட்டுக்களுடன் வேறு பண்புகளும் வந்து சேர்கின்றன. இப்பொருள் புரொஜெஸ்தரோனின் துறையில் மட்டுமன்றி, கோட்டிசோல் என்னும் அதிரினற் சுரப்பி ஓமோனுக்குரிய துறையிலும் கட்டப்பட்டு, அத்துறைக்குரிய பரம்பரையலகுகளையும் தூண்டவல்லது. உடலின் சொந்தப் புரொஜெஸ்தரோனோ உப்பையும் நீரையும் தேக்கும் அல்தொஸ்தரோனின் துறையில் நின்று அதனைத் தடுக்கின்றது. மெட்ரொக்சிபுரொஜெஸ்தரோனிடம் அக்குணம் காணப்படுவதில்லை. புரொஜெஸ்தரோன் உடலிற் சிதைந்து மூளையை அமைதிப்படுத்தும் அலோபிரெக்னனொலோனாக மாறும். மற்றையது அவ்வாறு மாறாது. கருப்பை அகவணியைப் பொறுத்தவரை இரண்டும் ஏறத்தாழ ஒரே பணியைச் செய்கின்றன. அகவணியை மட்டும் பார்த்தவர் இரண்டும் ஒன்றென்றார். மார்பகத்தையும் ஈரலையும் எலும்பையும் மூளையையும் பார்த்தவர் அவ்வாறு கூறவில்லை.

"இரண்டும் ஒன்றே" என்ற எண்ணத்துக்குப் பெண்கள் கொடுத்த விலை 2002ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 16,608 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குக் குதிரை ஈஸ்திரோஜனையும் மெட்ரொக்சிபுரொஜெஸ்தரோனையும், மறுபிரிவினர்க்கு மருந்தற்ற போலிக் குளிசையையும் கொடுத்து நடத்தப்பட்ட பெரும் ஆய்வு, சராசரி 5.2 ஆண்டுகளின் பின் நிறுத்தப்பட்டது. மருந்துண்டோரில் மார்பகப் புற்றுநோய் 26 வீதம் மிகுந்திருந்தது; பத்தாயிரம் பெண்களுக்கு ஓராண்டில் எட்டுப் பேர் என்ற அளவில் அம்மிகுதி அமைந்தது. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்திரோஜன் மட்டும் கொடுக்கப்பட்ட இணையாய்வு 2004இல் நிறுத்தப்பட்டபோது அத்தகைய மிகுதி காணப்படவில்லை. இரு ஆய்விலும் பங்குபற்றியோர் வெவ்வேறு பெண்கள்; ஆகையால் இவ்வேறுபாட்டை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. எனினும் குற்றஞ்சாட்டும் விரல் ஈஸ்திரோஜனை விட்டு, உடன் கொடுக்கப்பட்ட துணை மருந்தை நோக்கித் திரும்பியது. பத்திரிகைகளோ "ஓமோன் சிகிச்சை புற்றுநோய் தரும்" என்று ஒரே வாக்கியத்தில் முழுக் குடும்பத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. அதன் விளைவாக உலகெங்கும் தேவையற்ற பெண்களொடு தேவையுள்ள பெண்களும் மருந்தைக் கைவிட்டனர். ஒன்றென எண்ணிக் கொடுத்ததும் பிழை. ஒன்றென எண்ணி மறுத்ததும் பிழை.

பிரான்சு நாட்டில் 80,377 பெண்களைத் தொடர்ந்து அவதானித்துப் பூர்னியே குழுவினர் 2008இல் வெளியிட்ட முடிவுகள் இவ்வொன்றெனும் கொள்கையைப் பெரிதும் தகர்த்தன. ஈஸ்திரோஜனுடன் உடலுக்குரிய அதே புரொஜெஸ்தரோனை உட்கொண்டோர்க்கு மார்பகப் புற்றுநோய் அபாயம், ஓமோன் உட்கொள்ளாதாரின் அளவாகவே, அதாவது 1.00 என்ற விகிதத்தில் இருந்தது. வேறு பல செயற்கைப் புரொஜெஸ்தோஜன்களை உட்கொண்டோர்க்கு அவ்விகிதம் 1.69. ஆயின் டைதரொஜெஸ்தரோன் என்ற பொருளை உட்கொண்டோர்க்கு அது 1.16 மட்டுமே. டைதரொஜெஸ்தரோன் செயற்கையானது, ஆனால் வடிவிற் புரொஜெஸ்தரோனுக்கு மிக அண்மையானது. எல்லைக்கோடு இயற்கைக்கும் செயற்கைக்குமிடையே விழவில்லை. வடிவுக்கும் வடிவுக்குமிடையே விழுந்தது. இவ்வொரு விபரத்தை உள்வாங்கிய ஒருவர் மீண்டும் அவ்விரு சொற்களையும் பழைய பொருளிற் பயன்படுத்தத் துணியார்.

இந்த வேறுபாடு இழையத்திலேயே தென்படுகின்றதா என்பதைச் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர் தேடினர். மாதவிடாய் நின்ற ஆரோக்கியமான பெண்களுள் ஒரு பகுதியினர்க்குக் குதிரை ஈஸ்திரோஜனும் மெட்ரொக்சிபுரொஜெஸ்தரோனும், மறுபகுதியினர்க்குத் தோல்வழி ஈஸ்திரடையோலும் வாய்வழிப் புரொஜெஸ்தரோனும் ஏறத்தாழ இரு மாதங்கள் கொடுக்கப்பட்டன. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவர்தம் மார்பக இழையத்திலிருந்து ஊசி மூலம் மாதிரிகள் எடுக்கப்பட்டன. 2011, 2012ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகளின்படி, முதற் பகுதியினரின் மார்பகக் கலங்கள் மிகுதியாகப் பெருகத் தலைப்பட்டன. பரம்பரையலகுகளின் இயக்கமும் இரு பகுதியினரிடத்தும் வெவ்வேறு கோலங்களை மேற்கொண்டது. இங்கும் ஓர் எச்சரிக்கை அவசியம். இவ்வாய்வில் ஈஸ்திரோஜனும் மாறியது, துணை மருந்தும் மாறியது, உட்செலுத்தும் வழியும் மாறியது. ஆதலின் வேறுபாடு முழுவதையும் ஒரு பொருளின் தலையிற் சுமத்த முடியாது. எனினும் ஒரு குடும்பப் பெயரின் கீழ் அடக்கப்பட்ட இரு சிகிச்சைகள் ஒரே இழையத்தில் இரு வேறு கட்டளைகளாக வாசிக்கப்பட்டன என்பது மறுக்கவியலாதது.

இதுவரை கூறியதைக் கேட்டு இயற்கைவாதிகள் வெற்றி முரசு கொட்டுவராயின், அவர்கள் மேலும் கேட்டல் வேண்டும். கருப்பையுடைய பெண்ணுக்கு ஈஸ்திரோஜனைத் தனியே கொடுத்தால் அகவணிப் புற்றுநோய் பன்மடங்கு பெருகும் என்பது 1975இல் வெளிப்பட்டது. அன்று பெரிதும் வழக்கிலிருந்தது "இயற்கையான" குதிரை ஈஸ்திரோஜனே. மேற்கூறிய பிரெஞ்சு ஆய்வும் 2014இல் மீண்டும் பார்க்கப்பட்டபோது, ஐந்தாண்டுக்கு மேலாகப் புரொஜெஸ்தரோனையோ டைதரொஜெஸ்தரோனையோ ஈஸ்திரோஜனுடன் உட்கொண்டோரிடத்து அபாயம் ஓரளவு உயர்ந்தே காணப்பட்டது. மாதந்தோறும் பெண்ணின் சொந்தச் சூலகம் புரொஜெஸ்தரோனைச் சுரக்கும் நாட்களிலேயே மார்பகக் கலங்கள் மிகுதியாகப் பிரிகின்றன. இயற்கை எவரிடமும் "தீங்கு செய்யேன்" என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்கவில்லை.

உட்செலுத்தும் வழியும் ஒரு மருந்தின் குணத்தை மாற்றும். உடலுக்குரிய அதே ஈஸ்திரடையோலை வாயால் விழுங்கினால் அது குடலிலிருந்து நேரே ஈரலுக்குச் சென்று, இரத்தம் உறைவதற்கான புரதங்கள் சிலவற்றின் பரம்பரையலகுகளை அங்கு மிகையாக இயக்குகின்றது. தோலின் வழியே செலுத்தினால் அவ்வீரற் பெருவெள்ளம் தவிர்க்கப்படுகின்றது. நாளங்களில் இரத்தக்கட்டி தோன்றும் அபாயம் வாய்வழி உட்கொண்டோரில் உயர்ந்தும், தோல்வழிப் பெற்றோரில் உயராதும் இருந்ததைப் பிரெஞ்சு ஆய்வொன்று 2003இற் காட்டியது. 1938இல் ஆக்கப்பட்ட எதினைல் ஈஸ்திரடையோலோ, ஈரல் எளிதிற் சிதைக்க முடியாதவாறு அமைக்கப்பட்டது. எந்த வழியாற் சென்றாலும் ஈரலை அது விடுவதில்லை. கருத்தடைக் குளிசையைச் சாத்தியமாக்கியதும் அவ்வுறுதியே. அதன் இரத்த உறைவு அபாயத்துக்குக் காரணமாவதும் அவ்வுறுதியே.

செயற்கை என்பதனாலேயே ஒன்றைத் தள்ளுவோர்க்குத் தைரொட்சின் தக்க விடையாகும். 1914இற் கெண்டலாற் பிரித்தெடுக்கப்பட்ட அவ்வோமோன் 1927இல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது; இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் குளிசை ஆலையிற் பிறந்து உடலின் ஓமோனையே முற்றாக ஒத்தது. "இயற்கை மருந்து" எனப் புகழப்படும் உலர்த்திய பன்றிச் சுரப்பித் தூளிலோ, தைரொட்சினுக்கும் அதனினும் வலிய மற்றைத் தைரொயிட்டு ஓமோனுக்குமுள்ள விகிதம் ஏறத்தாழ 4:1; மனிதச் சுரப்பி வெளிவிடும் விகிதம் ஏறத்தாழ 14:1. பன்றிக்கு இயற்கையானது மனிதனுக்கு மிகை. இதற்கு நேரெதிர் முனையில் நிற்பது டைஎதில்ஸ்தில்பெஸ்திரோல். 1938இல் ஆக்கப்பட்ட இச்செயற்கை ஈஸ்திரோஜன் கருச்சிதைவைத் தடுக்குமென நம்பிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அவர்கள் பெற்ற பெண்மக்களிடத்து அரிய யோனிப் புற்றுநோய் தோன்றுவதை 1971இல் எர்ப்ஸ்ற் குழுவினர் அறிவித்தனர். கருவிலுள்ள எலிகளில், இனப்பெருக்க உறுப்புக்களின் இடவொழுங்கை வகுக்கும் பரம்பரையலகுகளின் இயக்கத்தை அப்பொருள் குலைப்பது பின்னர் காட்டப்பட்டது. இரண்டும் செயற்கை, ஒன்று உயிர் காக்கும் மருந்து, மற்றது ஒரு தலைமுறையின் துயரம். "செயற்கை" என்ற சொல் இவ்விரண்டையும் பிரித்தறிய உதவாதெனின், அச்சொல்லாற் பயன் யாது?

பரம்பரையலகுப் பட்டியலையே இறுதித் தீர்ப்பாகக் கொள்வதும் ஒருவகை மூடநம்பிக்கையே. மெட்ரொக்சிபுரொஜெஸ்தரோன் கோட்டிசோலின் துறையில் இணைவதால் நோயெதிர்ப்புப் பரம்பரையலகுகள் மாறும், ஆதலின் எச்.ஐ.வி. தொற்று மிகும் என்று பலர் அஞ்சினர். ஆபிரிக்காவில் 7,829 பெண்களிடத்து அவ்வூசி, செப்புக் கருத்தடைச் சாதனம், தோலடிக் குச்சி ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானபோது, தொற்றிற் பெரிய வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அதே மருந்து வேறொரு பக்கத்திற் சந்தேகத்துக்கு உள்ளாகியது: மூளையுறைக் கட்டிகளுக்காகச் சத்திரசிகிச்சை பெற்ற பெண்களைக் கொண்டு 2024இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், அவ்வூசியை நீண்டகாலம் பயன்படுத்தியோரிடத்து அக்கட்டி ஐந்து மடங்குக்கு மேல் மிகுந்து காணப்பட்டது; புரொஜெஸ்தரோனுக்கு அத்தகைய தொடர்பு புலப்படவில்லை. அக்கட்டி அரிது, ஆகவே ஒரு தனிப் பெண்ணுக்குரிய அபாயம் சிறிதே. ஆய்வுகூடம் கேள்வியை எழுப்பும். பெண்களிடத்து நடத்தப்படும் நேர்மையான ஆய்வே விடையை அளிக்கும். ஒன்றில்லாது மற்றது குருடு.

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். "மக்களுக்கு இவையெல்லாம் விளங்கா. விபரம் கூறினால் அஞ்சி ஓடுவர். வேண்டாத கருவையும் பாதுகாப்பற்ற கருக்கலைப்பையும் தடுத்த ஊசியை அவர்கள் கைவிட்டால் யார் பொறுப்பு?" இது எளிதிற் புறக்கணிக்கத்தக்க வாதமன்று. மூன்று மாத ஊசி எண்ணற்ற பெண்களுக்குப் பயன் தந்தது உண்மை. அதனை எந்த நேர்மையான கட்டுரையும் மறைக்கலாகாது. எனினும் அச்சத்தை உண்டாக்குவது விபரமன்று, விபரமின்மையே. பெண் தன் உடலில் மாதவிடாய் நின்றுபோவதைக் காண்கின்றாள். ஊசியை நிறுத்திய பின்னும் கருத்தரிக்கத் தாமதமாவதைக் காண்கின்றாள். இவை இம்மருந்தின் அறிந்த இயல்புகள் என்று முன்னரே கூறப்படாதவிடத்து, அவ்வெற்றிடத்தை வதந்தி நிரப்பும். ஏரிக்கு அப்பால், பூநகரிப் பகுதியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், 2013ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் பெண்கள் சிலர்க்கு உரிய சம்மதமின்றித் தோலடி ஓமோன் குச்சிகள் பொருத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்து பெரும் வாதப்பிரதிவாதங்களுக்கு இடமளித்தது. அவ்வகைக் குச்சியிலுள்ள மூலக்கூறு லெவோநோர்ஜெஸ்திரல் என்பதும், அஃது உடலின் புரொஜெஸ்தரோன் அன்று என்பதும், ஆண்மை ஓமோனின் துறையிலும் அது கட்டப்படும் என்பதும், வேண்டாதபோது குச்சியை அகற்றிவிடலாம் என்பதும் ஒரு பெண்ணுக்கு அவள் மொழியில் விளங்கிய பின்னர் அவள் கூறும் "ஆம்" ஒன்றே சம்மதமாகும். விளங்காத பொருளுக்குக் கையொப்பம் பெறலாம். சம்மதம் பெற முடியாது.

"தமிழில் இவற்றைக் கூறுதல் இயலாது" என்ற சாட்டு யாழ்ப்பாணத்திற் செல்லாது. 1847இல் இங்கு வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. வாங்கி, இழையம், நிறமூர்த்தம், பரம்பரையலகு என்னும் சொற்களை ஈழத்து விஞ்ஞான பாடநூல்கள் தலைமுறைகளாக வழங்கி வருகின்றன. சொற்கள் உள, அவை பாடசாலைச் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. பரீட்சையில் ஓமோனுக்கு வரைவிலக்கணம் எழுதிச் சிறப்புச் சித்தி பெற்ற பெண், பத்தாண்டுகளின் பின் தன் கையில் ஏற்றப்படும் ஓமோனின் பெயரைக் கேட்கத் தயங்குகின்றாள் எனின், அக்கல்வி எதற்குப் பயன்பட்டது?

வேண்டப்படுவன பெரியனவல்ல. ஓமோன் மருந்து பெறும் ஒவ்வொரு பெண்ணும் ஐந்து விடயங்களைத் தமிழில் எழுத்திற் பெறுதல் வேண்டும்: மூலக்கூற்றின் பெயர், அது உடலின் ஓமோனை முற்றாக ஒத்ததா, மாற்றப்பட்டதா என்பது, எந்த இழையங்களில் அதன் விளைவு நிறுவப்பட்டுள்ளது, எந்தக் குறி தோன்றினால் வைத்தியரை நாடவேண்டும் என்பது, அதற்குப் பதிலாக வேறு எவை உள்ளன என்பது. மருந்து விற்போர் "இயற்கையானது" என்ற சொல்லைப் பயன்படுத்துவராயின், எதனோடு ஒப்பிட்டு, எவ்வகையில் என்று கேட்கும் பழக்கம் வாங்குவோரிடத்து வளர்தல் வேண்டும். வைத்தியத் துறை மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து இவ்வைந்து விடயங்களையும் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பக்கத்துக்கு மேற்படாது எழுதுவராயின், அவ்வேலை ஓராண்டில் முடிந்துவிடும். மூலக்கூற்றின் பெயரைத் தமிழிற் கூற மறுக்கும் மருத்துவம் பாதி மருத்துவம். அதனைக் கூறும் பொறுப்பை ஏற்காத தமிழ்ப்பற்று வெறும் மேடைப்பற்று.